‘எனக்கு இருக்கு’ என்ற கல்யாணசுந்தரி

கல்யாணசுந்தரியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் என்னைப் பற்றி எழுத வேண்டும். வேறு வழியில்லை. அவள் கையில் மைக்கைக் கொடுத்தவன் நான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி வருஷம் அம்மை போட்டுப் படுத்துக் கிடந்தேன். அப்படிப்பட்ட ஆள் இன்றைக்குக் காரைக்குடி செக்காலை ரோட்டில் ‘மரியப்பன் சவுண்ட் சர்வீஸ்’ என்று போர்டு மாட்டி, பன்னிரண்டு குழாய் ஸ்பீக்கரும் நாலு ஆம்ப்ளிஃபயரும் வைத்திருக்கிறேன் என்றால் அது சும்மா வந்ததில்லை. ஒரே எலெக்‌ஷனில் ஒரே நாளில் மூன்று கட்சிக் கூட்டத்துக்கும் மைக் கட்டியவன் நான். ஒரு கட்சிக்காரர்கூட என்னைக் கோபித்ததில்லை. மற்ற இரண்டு பேருக்கும் நான் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதாக ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

இதை எழுதப்போகிறேன் என்று கல்யாணசுந்தரியிடம் சொன்னேன்.

“எழுதுங்க மொதலாளி. நடந்ததை நடந்த மாதிரியே எழுதுங்க, மறைக்க வேணாம். ஆனா எங்கிட்டாச்சும் ‘பாவம்’னு ஒரு வார்த்தை இருந்துச்சு, ஒங்க ஆம்ப்ளிஃபயருக்குள்ள தண்ணிய ஊத்திப்புடுவேன்” என்றாள்.

ஆகவே இனி அந்த வார்த்தை இதில் வராது. ஆம்ப்ளிஃபயர் விற்கிற விலை அப்படி.

அவளை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். 1991-ஆம் வருஷம், காரைக்குடி பஸ் ஸ்டாண்டு. டீக்கடையில் நின்று வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன். கண்டரமாணிக்கம் பஸ் ஒன்று ஆட்களை ஏற்றாமலே நகரப் பார்த்தது. “ஏய்ய்! வண்டியை நிப்பாட்டுய்யா!” என்று ஒரு குரல். பஸ் நின்றது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தப் பக்கம் திருப்பத்தூர் பஸ்ஸும் நின்றது, மதுரை பஸ்ஸும் நின்றது, மணியடித்துக்கொண்டு வந்த ஐஸ் வண்டிக்காரரும் நின்றுவிட்டார். என் வடை டீக்குள் விழுந்தது. முப்பது வருஷமாக ஒலிபெருக்கி கட்டுகிறவன் நான். ஒரு குரலுக்கு எத்தனை வாட்ஸ் என்று காதாலேயே சொல்லிவிடுவேன். இது நூறு வாட்ஸுக்குக் குறையாது. மைக் இல்லாமல்.

அந்த பஸ்ஸிலேயே ஏறிப் பக்கத்தில் போய் நின்று, “ஏம்மா, வேலைக்கு வாரியா?” என்றேன்.

மேலும் கீழும் பார்த்தாள். “என்ன வேலை?”

“கத்துற வேலை.”

“அதுக்குச் சம்பளம் வேற குடுப்பீகளா?” என்று சிரித்தாள். மறுநாள் வந்து சேர்ந்தாள்.

சினிமாவுக்கு, ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கு, தண்ணீர் வராத நாளுக்கு, யாராவது செத்துப்போனதற்கு என்று எல்லாவற்றுக்கும் ஆட்டோவில் குழாய் கட்டி ஊர் சுற்றி அறிவிப்பது எங்கள் தொழில். அதுவரைக்கும் குரல் என்னுடையது. என் தொண்டை போய்விட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் இல்லை. நானாகத்தான் அதற்கு ஓய்வு கொடுத்தேன். கல்யாணசுந்தரி ஒரு வாரத்தில் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். காலையில் ஒரு துண்டு இஞ்சி, வண்டி ஏறியதும் வாயில் பனங்கற்கண்டு. சாவு அறிவிப்பை அவள் வாசித்தால் செத்தவரோடு சண்டை போட்டவர்கள்கூட மாலை வாங்கிக்கொண்டு போவார்கள். திருவிழாவில் காணாமல்போன பிள்ளைக்கு அவள் குரல் கொடுத்தால் பெற்றவள் ஐந்து நிமிஷத்தில் வந்து நிற்பாள், திட்டும் வாங்குவாள்.

அவள் ஊர் கண்டரமாணிக்கம். அங்கே சுற்றுவட்டாரத்தில் குலவைக்கு அவள்தான் பேர்போனவள். கல்யாணம், முளைப்பாரி, வீட்டுக்கு நிலை வைப்பது எதுவானாலும் பெண்கள் வட்டமாக நின்று நாக்கைச் சுழற்றிக் குலவை போடும்போது முதல் குலவை அவளுடையது. அவளுக்குப் பத்தொன்பது வயதில், 87-இல், அந்த ஊர் அரிசி மில்லில் வேலை பார்க்கும்போது அங்கிருந்த ஒரு மேஸ்திரி அவளை நாசம் செய்யப் பார்த்தான் என்று நாகரிகமாக எழுதலாம் என்று நினைத்தேன். ‘பாத்தான் இல்ல மொதலாளி, செஞ்சான். அப்புடியே எழுதுங்க’ என்று அவளே சொன்னாள். செய்தான். தாயார் சோணையம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுநாள் காலையில் இவளே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். சிவகங்கைக் கோர்ட்டில் கூண்டில் ஏறி, அந்தக் குரலில் அவன் பேரைச் சொல்லிச் சாட்சி சொன்னாள். அவனுக்கு ஏழு வருஷம் கிடைத்தது.

அவனுக்குக் கோர்ட்டு வருஷம் போட்டது. இவளுக்கு ஊர் போட்டது. யாரும் வையவில்லை, விரட்டவில்லை. குலவைக்குக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். நல்ல காரியம் பாருங்கள், அதனால். அடுத்த வீட்டில் குலவைச் சத்தம் கேட்கும்போது இவள் உள்ளே உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டிருப்பாள். நாலு வருஷம் அப்படி. அப்புறம்தான் நான் அவளைப் பஸ் ஸ்டாண்டில் கேட்டது.

இனி வீரபாண்டியன். நேமத்தான்பட்டிக்காரன், எங்கள் விளம்பர ஆட்டோவின் டிரைவர். பின்சீட்டில் அவள் மைக்கோடு உட்கார்ந்திருப்பாள், முன்னால் இவன் ஓட்டுவான். மூன்று வருஷம் அவள் குரலை முதுகில் வாங்கிக்கொண்டு ஓட்டியவனுக்கு மனசில் ஆசை விழுந்துவிட்டது. அவளுக்கும்தான். எப்படித் தெரியும் என்றால், டீக்கடையில் வாங்கும் பஜ்ஜியில் பெரிய பஜ்ஜியை அவனுக்குத் தள்ளிவிட்டு, “எண்ணெய் ரொம்ப இருக்கு, எனக்கு வேணாம்” என்பாள். அதே எண்ணெயில் பொரித்த சின்னதைத் தின்பாள்.

ஆனால் அவனுக்கு வாய் வராது. என்னிடம் வந்து, “மொதலாளி, என்னன்னு கேக்குறது?” என்று தலையைச் சொறிந்தான். அறிவிப்பு வாசகம் எழுதுவதில் இந்தக் காரைக்குடியில் எனக்கு நிகர் கிடையாது. ஒரு தாள் எடுத்து அழகாக எழுதிக் கொடுத்தேன்: ‘நடந்ததை மறந்துவிடு. உனக்கு நான் வாழ்க்கை கொடுக்கிறேன்.’

மனப்பாடம் செய்து போய்ச் சொல்லியிருக்கிறான். அவள் மைக்கைக் கீழே வைத்தாள். “வண்டியை நிப்பாட்டுங்க டிரைவரே” என்றாள். செக்காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விட்டாள்.

மறுநாள் வேலைக்கு வந்தாள். ஆனால் பஜ்ஜி நின்றுபோனது. அவனோடு பேச்சு என்றால் வழி சொல்வது மட்டும்: “லெப்ட்டுல திரும்புங்க. மெதுவா. நிப்பாட்டுங்க.” எட்டு மாசம்.

“என்ன மொதலாளி தப்பு? நல்ல வார்த்தைதானே?” என்று அவன் அழாத குறை.

எனக்கும் விளங்கவில்லை, மறைக்காமல் சொல்கிறேன். நூறு சினிமாவில் கேட்ட வார்த்தை அது. அவன் தாயார் அன்னக்கிளி வேறு, விஷயம் தெரிந்து, வேண்டாம் என்று சொல்லாமல், நேமத்தான்பட்டி முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். “எம்மகன் மாதிரி எவன் இருக்கான்? அந்தப் புள்ளைக்கு வாழ்க்கை குடுக்குறேன்னு நிக்கிறான். தியாகிய்யா அவன்!”

அது கல்யாணசுந்தரி காதுக்கு வந்தது. “தியாகின்னா பென்சனுக்கு எழுதிப் போடச் சொல்லுங்க மொதலாளி. எனக்கு வேணாம்” என்றாள். “அவுக அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கிறட்டும். மத்ததை அப்புறம் பேசலாம்.”

எடுத்துக்கொள்ள அவனுக்குத் தெரியவில்லை. 95, ஆடி மாசம். அன்னக்கிளிக்குப் பொறுமை போய்விட்டது. ஆவணி பிறப்பதற்குள் கல்யாணசுந்தரி சரி என்று சொல்லாவிட்டால் அத்தனூரில் ஒரு பெண் இருக்கிறது, பூ வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். பதினோரு நாள்தான் இருந்தது.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது அந்தத் தெலுங்குப் படம். தமிழில் டப்பிங் செய்து, ‘மாசுபட்ட மல்லிகை’ என்று பேர் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு பெண், அவளுக்கு ஒருவனால் அநியாயம், அவளை ஒதுக்கும் ஊர், அவளை விரும்பும் பையன். கதையைக் கேட்டதும் எனக்கே கொஞ்சம் சங்கடம். தியேட்டர் மேனேஜர் ஏகப்பன் கொடுத்தனுப்பிய அறிவிப்பில், ‘வாழ்விழந்த மங்கைக்கு வாழ்வளித்த வள்ளலின் காவியம்! தாய்மார்களே, கைக்குட்டையுடன் வாரீர்!’ என்று இருந்தது.

கல்யாணசுந்தரி அதை ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். மடித்து, இஞ்சியைச் சுற்றி வைத்துக்கொண்டாள். ஆட்டோ கிளம்பியதும் இப்படி ஆரம்பித்தாள்: “தாய்மார்களே! மல்லிகை மாசுபட்டா என்ன செய்வோம்? அலசிட்டுத் தலையில வைப்போம். ஒரு புள்ளைக்கு அநியாயம் நடந்துச்சு. அவ அதுக்கப்புறமும் சோறு திங்கிறா, சிரிக்கிறா, எப்புடின்னு வந்து பாருங்க!”

வெள்ளிக்கிழமை காலையிலேயே கூட்டம் கதவை உடைத்தது. ஆனால் பகல் ஒரு மணிக்கு ஏகப்பன் சட்டைப் பொத்தான் இல்லாமல் என் கடைக்கு ஓடி வந்தார்.

“மரியப்பண்ணே, கெட்டுச்சு குடி! கடைசி ரீலு தெலுங்குல இருக்கு! பெட்டி அனுப்புனவங்ய மாத்தி வச்சுட்டாங்ய. காலை ஆட்டத்துல ரெண்டு சேரு போச்சு. மேட்னிக்கு முழுக்கப் பொம்பளையாளுக. ஒரு சேரு மிஞ்சாது!”

தெலுங்கு தெரிந்தவரைத் தேடினோம். வீட்டில் தெலுங்கு பேசும் ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை ஒருவர் கிடைத்தார். அவர் கையை விரித்தார்: “எங்க வீட்டுத் தெலுங்குல சோறு போடு, தண்ணி குடு, அம்புட்டுத்தான் இருக்கு. காதல் தெலுங்கு எங்களுக்குக் கெடையாது.”

அந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. இரண்டு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், திரைக்குப் பக்கத்தில் இரண்டு குழாய். ஆபரேட்டர் தெலுங்குச் சத்தத்தை அமுக்க வேண்டியது, நாங்கள் தமிழ் பேச வேண்டியது. இந்த யோசனை சென்னையில் படித்தவர்களுக்கு வந்திருக்குமா, சொல்லுங்கள்.

“கதை என்ன ஏகப்பா, கடைசியில?”

“ரயில்வே ஸ்டேசன். அவ பொட்டியோட நிக்கிறா. அவன் ஓடியாறான். பேசுறாக, பேசுறாக. முடிவு என்னன்னு நான் பாக்கலண்ணே. அதுக்குள்ள சேரு பறக்க ஆரம்பிச்சிருச்சு.”

ஏற்பாடு இதுதான்: பெண் குரல் எல்லாம் கல்யாணசுந்தரி, ஆண் குரல் எல்லாம் நான். வீரபாண்டியன் வயர் பிடிக்க வந்தான். திரைக்குக் கீழே ஓரமாக உட்கார்ந்தோம். எதிரே எழுநூறு பெண்கள். முன் வரிசையில் நேமத்தான்பட்டிக் கூட்டத்தோடு அன்னக்கிளி, மடியில் முறுக்குப் பொட்டலம்.

கடைசி ரீல் ஓட ஆரம்பித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். என் குரலில், “மதுரை ரயில் அரை மணி லேட்டு!” என்றேன். பிரமாதமான கைதட்டல். அடுத்து கதாநாயகன் ஓடி வந்து வாயைத் திறந்தான். “நில்லு கண்ணே!” என்றேன்.

“ஏய், பையனுக்குச் சளி புடிச்சிருக்கு!” என்று ஒருத்தி கத்தினாள். “இருபது வயசுப் பயலுக்கு எங்க மாமனார் கொரலு!” என்றாள் இன்னொருத்தி. எழுநூறு பேர் சிரித்தார்கள். பொறாமைதான், வேறென்ன. ஆனால் தொழில் என்று வந்தால் நான் பிடிவாதம் பிடிப்பவன் இல்லை. மைக்கை வீரபாண்டியன் கையில் திணித்தேன்.

“மொதலாளி, எனக்கு வசனம் தெரியாது!” அது மைக்கில் போய்விட்டது. மறுபடி சிரிப்பு.

திரையில் அந்தப் பையன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். வீரபாண்டியனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவனுக்குத் தெரிந்த வசனம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது தானாக வந்து விழுந்தது.

“நடந்ததை மறந்துடு. ஒனக்கு நான் வாழ்க்கை குடுக்குறேன்!”

திரையில் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. கல்யாணசுந்தரி திறந்தாள்.

“எனக்கு இருக்கு.”

“என்ன இருக்கு?” என்றான் இவன் பதறிப்போய்.

“வாழ்க்கை. எங்காத்தா பெத்தன்னைக்கே குடுத்துருச்சு. காலையில எந்திரிக்கிறேன், இட்லி திங்கிறேன், வேலைக்குப் போறேன், அதுக்குப் பேரு என்னவாம்? ஒங்ககிட்ட ஒன்னு கூடுதலா இருந்தா, இல்லாதவுக யாருக்காச்சும் குடுங்க.”

தியேட்டரில் விசில் பறந்தது. பெண்கள் அடித்த விசில். இப்போது திரையில் அந்தப் பெண்ணுக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. கல்யாணசுந்தரி நிமிர்ந்து பார்த்தாள். “அழுகுறேன்னு நெனச்சுக்கிறாதீக. ரயில் கரி கண்ணுல விழுந்துருச்சு.”

சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அடங்கியபோது அவள் குரல் மாறியிருந்தது. சத்தமில்லை. நாலு வருஷமாக அந்தக் குரலைக் குழாயில் கேட்டிருக்கிறேன், அப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

“தப்புச் செஞ்சவன் அவன். ஜெயிலுக்குப் போனவன் அவன். நான் எதுக்கு மறக்கணும்? கோர்ட்டுல ஏறி நின்னு அவன் பேரைச் சொன்னது நானு. அதை மறக்க மாட்டேன், அது என் பெருமை. ஊருல யாரும் என்னைய அடிக்கல. குலவை போடக் கூப்புடல, அம்புட்டுத்தான். பக்கத்து வீட்டுல குலவை கேக்கும், என் நாக்கு வாய்க்குள்ளயே சுத்தும்.”

திரையில் ரயில்வே ஸ்டேஷன். யாரும் திரையைப் பார்க்கவில்லை. அன்னக்கிளி கையில் எடுத்த முறுக்கு அப்படியே நின்றது.

கதாநாயகன் முட்டி போட்டான். மறுபடி வாயசைத்தான். வீரபாண்டியன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் காதில் ஒரு வசனம் சொல்லப்போனேன். முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டான்.

“நான் ஒன்னும் குடுக்க வரலங்க” என்றான். நாலு வருஷமாக ‘நீ’ என்று பேசியவன். “அந்த வார்த்தையை வேற ஆளு எழுதிக் குடுத்தாரு. நான் திருப்பி எடுத்துக்கிறேன். போன மாசம் ரெண்டு நாள் நீங்க லீவு. பின்னாடி சத்தமே இல்ல. எங்கிட்டுத் திரும்புறதுன்னே தெரியல. செக்காலை ரோட்டையே நாலு சுத்துச் சுத்துனேன். டிராபிக் போலீசு நிப்பாட்டி, ஏப்பா, எதையாச்சும் தொலைச்சிட்டியான்னு கேட்டாரு.” மூச்சு வாங்கினான். “நான் கேக்கத்தான் வந்திருக்கேன்.”

“என்ன கேக்குறீக?”

“ஒங்ககூட நான் வரட்டா?”

கல்யாணசுந்தரி மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், மறுபடி இறக்கினாள். ஆபரேட்டர் அறையில் மெஷின் ஓடும் சத்தம்கூடக் கேட்டது.

“சொல்லேன்த்தா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போது அன்னக்கிளி எழுந்துவிட்டாள். திரையில் பாதி அவள் தலை நிழல். “ஏத்தா, ஏ புள்ள! அவன் கெடக்கான் கூறுகெட்ட பய. தப்பு எம்மேலயும் இருக்கு. தியாகி, வாழ்க்கை குடுக்குறான்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சது நான்தான். இனிமே அப்புடிச் சொல்ல மாட்டேன். அத்தனூருக்கும் போக மாட்டேன். வாத்தா, வந்து எம்மகனுக்கு நீதான் வாழ்க்கை குடுக்கணும்!”

“யாரும் யாருக்கும் குடுக்க வேணாம்” என்றாள் கல்யாணசுந்தரி மைக்கில். “முறுக்கைக் கீழ போட்டுறாதீக. உக்காருங்க அத்தை.”

அவ்வளவுதான் சொன்னாள். அன்னக்கிளியை அவள் அதுவரைக்கும் ‘டிரைவர் அம்மா’ என்றுதான் சொல்வாள். எழுநூறு பேரில் அது முதலில் பட்டது முன் வரிசைக்கு. “அத்தைங்குறா டோய்!” என்று ஒருத்தி எழுந்தாள். “அத்தைன்னு சொல்லிருச்சு! அன்னக்கிளி, ஒன்னையத்தான்!” தியேட்டர் முழுக்க அந்த ஒரு வார்த்தை ஓடியது. அன்னக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டு நாக்கைச் சுழற்றினாள். குலவை. அவளைத் தொடர்ந்து வரிசை வரிசையாக எழுநூறு பேரும். என் ஸ்பீக்கர் எல்லாம் அதற்குக் கீழே நின்றுவிட்டன. சமயத்தில் புத்தியோடு, பையிலிருந்த கல்யாண நாதஸ்வரக் கேசட்டைப் போட்டுவிட்டவனும் நான்தான்.

திரையில் அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டாளாம். ஏகப்பன் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சரியான தமிழ் ரீல் வந்து சேர்ந்தது. அதில் கதாநாயகன் நல்ல செந்தமிழில், ‘உனக்கு நான் வாழ்வு தருகிறேன்’ என்றான். “அவளுக்கு இருக்குடா!” என்று தியேட்டரே கத்தியது. அவள் பதிலுக்கு, ‘களங்கப்பட்ட நான் தங்களுக்குத் தகுதியற்றவள்’ என்று அழுதபோது மூன்று சேர் போனது. திங்கட்கிழமை காலையில் ஏகப்பன் மறுபடி என் கடைக்கு வந்து, “அண்ணே, அந்தத் தெலுங்கு ரீலையே போட்டுக்கிருவோம்” என்றார். மேலும் ஆறு நாள் பேசினோம். ஸ்டேஷன் மாஸ்டர் கடைசி வரைக்கும் நான்தான். அந்தப் பாத்திரத்துக்கு ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஆவணியில் கண்டரமாணிக்கத்தில் கல்யாணம். மைக் செட் என் அன்பளிப்பு, எட்டு குழாய். தாலி கட்டும் நேரத்தில் பெண்கள் சுற்றி நின்றார்கள், முதல் குலவை யார் போடுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊரில் அந்த இடத்தை யாரும் நிரப்பியிருக்கவில்லை.

மணவறையில் உட்கார்ந்திருந்த கல்யாணசுந்தரி தலையை நிமிர்த்தினாள்.

“பொண்ணு போடக் கூடாதுத்தா” என்றாள் சோணையம்மாள் மெதுவாக.

“நீ செத்த சும்மா இரும்மா” என்றாள் அன்னக்கிளி. “போடட்டும்.”

அவள் வாயைத் திறக்கப்போவது தெரிந்ததும் நான் எட்டி ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டேன். என் தொழிலில் ஒரு நல்ல காரியத்துக்கு நடுவில் நானாக மைக்கை நிறுத்தியது அந்த ஒருமுறைதான். தேவைப்படவில்லை. பஸ் ரோடு வரைக்கும் கேட்டது.